எல்லை தாண்டும் புகைக்குச் சந்தை: உமிழ்வு வணிகத்தின் பொருளியல், எளிமையாக

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் டிரெயில் என்று ஓர் ஊர். ஈயத்தையும் துத்தநாகத்தையும் உருக்கிப் பிரிக்கும் பெரிய ஆலை அங்கே இருந்தது. 1920களில் அதன் புகைபோக்கிகளை 409 அடி உயரத்துக்குக் கட்டினார்கள். அவ்வளவு உயரத்தில் விட்டால் புகை கலைந்துவிடும் என்று கணக்குப் போட்டார்கள். கலையவில்லை. கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டியே தெற்கே இறங்கி, சில மைல் தள்ளியிருந்த அமெரிக்க எல்லையைக் கடந்து, வாஷிங்டன் மாநில விவசாயிகளின் பயிரையும் மரங்களையும் கருக்கியது. புகையில் இருந்தது கந்தக டை ஆக்சைடு.

பாதிக்கப்பட்ட நிலங்களை வாங்கிவிடலாம், இல்லையென்றால் புகை விழுவதற்கான உரிமையையாவது காசு கொடுத்துப் பெற்றுக்கொள்ளலாம் என்று ஆலை முயன்றது. வெளிநாட்டார் நிலத்தில் உரிமை வாங்க வாஷிங்டன் மாநிலச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. விவகாரம் இரண்டு அரசுகளின் மேசைக்குப் போனது. இரு நாட்டுக் கூட்டு ஆணையம் 1931ல் 3,50,000 டாலர் இழப்பீடு என்றது. விவசாயிகள் போதாது என்றார்கள். 1935ல் ஒப்பந்தம் போட்டு நடுவர் மன்றம் அமைத்தார்கள். அது 1938ல் இன்னொரு 78,000 டாலர் கொடுக்கச் சொன்னது. 1941ல் வந்த இறுதித் தீர்ப்பு, தன் மண்ணிலிருந்து கிளம்பும் புகையால் பக்கத்து நாட்டுக்குப் பெருங்கேடு விளைவிக்க எந்த நாட்டுக்கும் உரிமை இல்லை என்றது. பன்னாட்டுச் சுற்றுச்சூழல் சட்டம் படிப்பவர்கள் இன்றும் முதலில் படிப்பது இந்த வழக்கைத்தான். இதற்குள் ஆலை தன் புகையிலிருந்து கந்தகத்தைப் பிடித்து உரமாக்கி விற்கவும் தொடங்கியிருந்தது.

பொருளியல் பார்வையில் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஈயத்தின் விலையில் சுரங்கக் கூலி இருந்தது, கரி விலை இருந்தது, ரயில் கட்டணம் இருந்தது. கருகிப்போன பயிரின் விலை மட்டும் இல்லை. ஒருவர் செய்யும் தொழிலின் செலவில் ஒரு பகுதி, அந்தத் தொழிலோடு தொடர்பே இல்லாத இன்னொருவர் தலையில் விழுவதைப் பொருளியலில் புறவிளைவு என்பார்கள். அதை வரியாகப் போட்டு விலைக்குள் கொண்டுவந்துவிடலாம் என்று ஆர்தர் பிகூ என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் 1920லேயே சொல்லிவிட்டார். ஒரே நாட்டுக்குள் என்றால் இது சரிப்படும். கனடா ஆலைக்கு அமெரிக்கா எப்படி வரி போடும்? இரண்டு நாடுகளுக்கும் மேலே உட்கார்ந்து வரி வசூலிக்க யாரும் இல்லையே.

கெடுத்தவன் கட்டுவதா, பட்டவன் கட்டுவதா

பிகூவுக்குப் பதில் போல 1960ல் ரொனால்ட் கோஸ் என்ற பொருளியலாளர் ஒரு வாதம் வைத்தார். உரிமை யாருக்கு என்பது தெளிவாக இருந்து, பேரம் பேசச் செலவும் ஆகாது என்றால், இரு தரப்பும் பேசி ஒரே முடிவுக்குத்தான் வருவார்கள். விவசாயிக்குச் சுத்தமான காற்றில் உரிமை இருந்தால் ஆலை அவருக்குப் பணம் கொடுக்கும். ஆலைக்குப் புகைவிடும் உரிமை இருந்தால், விடாமல் இருப்பதற்காக விவசாயி ஆலைக்குப் பணம் கொடுப்பார். இரண்டாவது வழியைக் கேட்டால் யாருக்கும் எரிச்சல் வரும். ஆனால் நாடுகளுக்கு இடையே பெரும்பாலும் நடப்பது அதுதான். மேல்மடைக்காரன் பூமியைக் கடைமடைக்காரன் போய் மாற்றியமைக்க முடியாது. மேல்மடைக்காரனுக்கு அவசரமும் இல்லை. அவசரப்படுகிறவன்தான் பையைத் திறக்க வேண்டியிருக்கிறது.

ரைன் நதியைப் பாருங்கள். பிரான்சின் அல்சாஸ் பகுதியில் அரசுக்குச் சொந்தமான பொட்டாஷ் சுரங்கங்கள் கழிவு உப்பை நதியில் கொட்டின. நதி ஜெர்மனி வழியாகப் போய் நெதர்லாந்தில் கடலில் கலக்கிறது. அந்த நீரை நம்பியிருந்த டச்சு நாற்றங்கால்காரர்களுக்குச் செடிகள் கெட்டன. ஒரு நாற்றங்கால் நிறுவனம் வழக்குப் போட, கேடு விளைந்த நாட்டிலேயே வழக்குத் தொடரலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1976ல் சொன்னது. அதே ஆண்டு ஜெர்மனியின் பான் நகரில் போட்ட ஒப்பந்தத்தில் நான்கு நாடுகள் உப்பைக் குறைக்கும் செலவைப் பங்கு போட்டுக்கொண்டன. உப்பைக் கொட்டிய பிரான்சின் பங்கு 30 சதவீதம். ஜெர்மனிக்கும் 30. சுவிட்சர்லாந்துக்கு 6. எல்லாருக்கும் கீழே உட்கார்ந்து உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்த நெதர்லாந்துக்கு 34 சதவீதம்! அப்படியும் பிரெஞ்சு நாடாளுமன்றம் இழுத்தடித்ததால் ஒப்பந்தம் நடைமுறைக்கு வர 1985 ஆகிவிட்டது.

இதில் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் நான்கே தரப்புகள், ஒரே நதி, கொட்டுகிறவர் யார் என்பதும் தெரியும். அதனால்தான் பேரமாவது படிந்தது. இந்தோனேசியாவில் கரிச்சதுப்பு நிலங்கள் எரிந்து, 2013 ஜூனில் சிங்கப்பூரின் காற்றுமாசுக் குறியீடு 401ஐத் தொட்டபோது பேரம் பேசவே ஆள் கிடைக்கவில்லை. தீ வைத்தது பெரிய தோட்ட நிறுவனமா, சிறு விவசாயியா, அந்த நிலம் யாருடையது என்பதெல்லாமே தகராறு. வெளிநாட்டு நிறுவனமானாலும் புகைமூட்டத்துக்குக் காரணமானால் அபராதம் போடலாம் என்று சிங்கப்பூர் 2014ல் சட்டம் போட்டது. ஆனால் எல்லைக்கு அப்பால் ஆதாரம் திரட்டுவது சட்டம் போடுவதைவிடக் கடினம்.

டன்னுக்கு ஒரு சீட்டு

உமிழ்வு வணிகம் வேறொரு கோணத்திலிருந்து வந்தது. டொரன்டோ பல்கலைக்கழகத்தின் ஜான் டேல்ஸ் 1968ல் சொன்ன யோசனை இது. மொத்தம் இவ்வளவு மாசுதான் விடலாம் என்று அரசு உச்சவரம்பு போடட்டும். அந்த அளவுக்கு மட்டும் அனுமதிச் சீட்டு அச்சடிக்கட்டும். ஒரு டன் விட ஒரு சீட்டு. மிச்சம் இருப்பவர் விற்கலாம், பற்றாதவர் வாங்கலாம்.

கணக்காகப் பார்த்தால்தான் இதன் சாமர்த்தியம் பிடிபடும். இரண்டு ஆலைகள், ஆளுக்கு 100 டன் புகை விடுகின்றன. அரசு மொத்தத்தை 140 டன்னாகக் குறைக்க நினைக்கிறது. ஆளுக்கு 70 சீட்டு தருகிறது. முதல் ஆலை ஒரு டன்னைக் குறைக்க 2,000 ரூபாய் ஆகும். இரண்டாவது ஆலைக்கு 500 ரூபாய் போதும். வணிகம் இல்லாமல் இருவரும் 30 டன் குறைத்தால் முதல் ஆலைக்கு 60,000, இரண்டாவதற்கு 15,000, மொத்தம் 75,000 ரூபாய் செலவு. வணிகம் இருந்தால்? இரண்டாவது ஆலையே 60 டன்னையும் குறைத்துவிடும், செலவு 30,000. மிச்சமாகும் 30 சீட்டுகளை டன்னுக்கு 1,200 ரூபாய் என்று முதல் ஆலைக்கு விற்றால் 36,000 கையில் வரும். முதல் ஆலை 60,000 செலவழிக்க வேண்டிய இடத்தில் 36,000 கொடுத்துத் தப்பிக்கிறது. இரண்டாவது ஆலை கூடுதலாகச் செலவழித்த 15,000 போக 21,000 லாபம் பார்க்கிறது. காற்றில் கலக்கும் புகை இரண்டு வழியிலும் அதே 140 டன்தான். செலவு மட்டும் 45,000 ரூபாய் குறைந்துவிட்டது. எந்த ஆலைக்கு எவ்வளவு செலவாகும் என்பது அரசுக்குத் தெரிந்திருக்கவே வேண்டாம். சந்தை விலை அதைத் தானே வெளியே கொண்டுவந்துவிடுகிறது.

அமெரிக்கா இதை 1990ல் சட்டமாக்கியது. அமில மழைக்குக் காரணமான கந்தக டை ஆக்சைடைக் குறைக்க, 1995ல் நிலக்கரி மின்நிலையங்களைத்தான் முதலில் சந்தைக்குள் கொண்டுவந்தார்கள். புகைபோக்கிக்குள்ளேயே அளவுமானி பொருத்தி, ஓயாமல் அளந்தார்கள். சீட்டு இல்லாமல் விட்ட ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 டாலர் அபராதம். ஒரு டன் சீட்டு 1,000 டாலருக்கு மேலே போகும் என்று தொழில்துறை பயமுறுத்தியிருந்தது. 1990கள் முழுவதும் அது 200 டாலரைப் பெரும்பாலும் தாண்டவில்லை. ரயில் கட்டணம் குறைந்து, வயோமிங் மாநிலத்துக் கந்தகம் குறைந்த நிலக்கரி மலிவாகக் கிடைத்ததும் அதற்கு ஒரு காரணம். எல்லாப் புகழையும் சந்தைக்கே எழுதிவைக்க வேண்டியதில்லை.

எந்த இடத்துப் புகை

ஒரு சிக்கலும் அங்கேயே தலைகாட்டியது. கந்தக டை ஆக்சைடு எங்கே விடப்படுகிறது என்பதைப் பொறுத்துத்தான் அதன் கேடு. ஓஹையோவில் விட்ட புகை காற்றோடு கிழக்கே போய் நியூயார்க் மாநிலத்தின் அடிராண்டாக் மலை ஏரிகளில் அமிலமாக விழும். நியூயார்க் மின்நிலையம் ஒன்று செலவு செய்து தன் புகையைக் குறைத்து, மிச்சச் சீட்டை ஓஹையோவுக்கு விற்றால், அதே புகை சுற்றி நியூயார்க்குக்கே திரும்பி வரும், ஏரியில் விழ இன்னும் வசதியான திசையிலிருந்து. இதைத் தடுக்க நியூயார்க் 2000ல் ஒரு சட்டம் போட்டது. காற்று வரும் திசையிலுள்ள மாநிலங்களுக்குச் சீட்டு விற்றால், விற்ற பணம் முழுவதையும் மாநில அரசிடம் கட்டிவிட வேண்டும். கூட்டாட்சிச் சட்டத்துக்கு முரண் என்று 2002ல் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது.

ஐரோப்பா இந்தப் புகைக்குச் சந்தை வைக்கவே இல்லை. ஸ்காண்டிநேவியாவின் மண் மெல்லியது, அடியில் கருங்கல். கொஞ்சம் அமிலம் விழுந்தாலே ஏரியில் மீன் செத்துப்போகும். பிரிட்டனிலிருந்து வரும் டன்னும் போலந்திலிருந்து வரும் டன்னும் ஒரே இடத்தில் விழுவதில்லை. ஒவ்வொரு ஜோடி நாட்டுக்கும் தனித்தனி மாற்று விகிதம் வைத்துச் சீட்டு விற்பது நடக்கிற காரியமா? 1985 ஹெல்சின்கி உடன்பாட்டில் எல்லாரும் 30 சதவீதம் குறைப்போம் என்று பொத்தாம்பொதுவாகத் தொடங்கினார்கள். 1994 ஆஸ்லோ உடன்பாட்டில், எந்த நாட்டு மண் எவ்வளவு தாங்கும் என்று வியன்னா அருகே லாக்சன்பர்கில் இருக்கும் ஆய்வு நிறுவனத்தின் கணினி மாதிரி போட்ட கணக்கை வைத்து, நாட்டுக்கு நாடு வேறு வேறு இலக்கு நிர்ணயித்தார்கள்.

கார்பன் டை ஆக்சைடுக்கு இந்தத் தொல்லை இல்லை. எண்ணூரில் விட்டாலும் ஜெர்மனியின் ரூர் பள்ளத்தாக்கில் விட்டாலும், சில காலத்தில் அது உலகக் காற்று முழுவதும் சீராகக் கலந்துவிடும். வெப்பமாவதில் இரண்டு டன்னுக்கும் வித்தியாசம் இல்லை. அப்படியானால் குறைக்கச் செலவு குறைந்த நாட்டில் குறைப்பதுதானே புத்திசாலித்தனம்? நாடுகளுக்கு இடையிலான கார்பன் வணிகம் முழுவதும் இந்த ஒரு வரியில்தான் நிற்கிறது. வரி சரிதான். அதற்கு அடியில் உச்சவரம்பை யார் போடுகிறார் என்று பார்த்தால்தான் கதை மாறுகிறது.

தன் சீட்டைத் தானே அச்சடிக்கும் விற்பனையாளர்

ஓர் அரசு தன் ஆலைகளுக்கு வரம்பு போடும்போது, வரம்பைத் தளர்த்தினால் அதற்குத் தனி லாபம் ஒன்றுமில்லை. ஒரு நாடே தன் வரம்பைப் பேசி வாங்கி, மிச்சத்தை வெளிநாட்டுக்கு விற்கலாம் என்றால் கணக்கு தலைகீழாகிவிடும். வரம்பு எவ்வளவு தளர்வாக இருக்கிறதோ அவ்வளவு சீட்டு மிஞ்சும், மிஞ்சுவதெல்லாம் காசு.

1997ல் ஏற்கப்பட்டு 2005ல் நடைமுறைக்கு வந்த கியோட்டோ ஒப்பந்தத்தில் இது பளிச்சென்று தெரிந்தது. தொழில்மயமான நாடுகள் 2008-2012 காலத்தில் தங்கள் உமிழ்வை 1990ம் ஆண்டு அளவிலிருந்து மொத்தமாகச் சுமார் 5 சதவீதம் குறைக்க வேண்டும். ஒன்றுக்கொன்று சீட்டு விற்றுக்கொள்ளலாம். ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் 1990 அளவே வரம்பு. ஆனால் சோவியத் சிதறிப் பாதித் தொழிற்சாலைகள் படுத்துவிட்டதால், ஒப்பந்தம் எழுதும்போதே அவர்களுடைய உமிழ்வு அதற்கு வெகு கீழே கிடந்தது. அந்த இடைவெளி முழுவதும் விற்பனைச் சரக்கு! ஒரு புகைபோக்கியைக்கூடச் சுத்தம் செய்யாமல் கிடைத்த அந்தச் சீட்டுகளுக்குச் சூடான காற்று என்று பட்டப்பெயர். ஜப்பான் உக்ரைனிடம் வாங்கியபோது, பணத்தைப் பசுமைத் திட்டங்களில்தான் செலவிட வேண்டும் என்று நிபந்தனை போட்டுக் கொஞ்சம் மானம் காத்துக்கொண்டது.

கட்டுப்பாடு மிகுந்த ஐரோப்பிய ஒன்றியமும் இதே பள்ளத்தில் விழுந்து எழுந்ததுதான். 2005ல் தன் கார்பன் சந்தையைத் திறந்தபோது, எத்தனை சீட்டு என்பதை ஒவ்வொரு உறுப்பு நாடும் தானே முடிவு செய்து அனுப்பலாம் என்று விட்டார்கள். ஒவ்வொருவரும் தன் வீட்டு ஆலைகளுக்குத் தாராளம் காட்டினார்கள். 2006 ஏப்ரலில் உண்மையான உமிழ்வுக் கணக்கு வெளியானபோது சீட்டு தேவையைவிட அதிகம் என்று தெரிந்துவிட்டது. 30 யூரோ அளவில் இருந்த விலை சில நாட்களில் பாதியாகச் சரிந்தது. 2007 முடிவதற்குள் சில காசுகளுக்கு வந்துவிட்டது. 2013 முதல் வரம்பை ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ் ஒரே இடத்திலிருந்து போடுகிறது. 2019ல் மிகையான சீட்டுகளை ஒதுக்கி வைக்கும் கிடங்கும் வந்தது. 2023 பிப்ரவரியில் விலை 100 யூரோவைத் தொட்டது. சந்தையின் இலக்கணம் இரண்டு காலத்திலும் ஒன்றுதான். வரம்பின் சாவி கைமாறியதுதான் வித்தியாசம்.

வரம்பே இல்லாத நாடுகளோடு வணிகம் செய்தால் இன்னும் விபரீதம். கியோட்டோவில் இந்தியா, சீனா போன்ற நாடுகளுக்கு வரம்பு கிடையாது. சி.டி.எம். (தூய்மையான வளர்ச்சி வழிமுறை) என்ற ஏற்பாட்டின்படி, இங்கே ஒரு திட்டத்தால் தவிர்க்கப்படும் ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு கார்பன் கிரெடிட். அதை ஐரோப்பிய ஆலை வாங்கித் தன் கணக்கில் சேர்க்கலாம். ஏசிகளில் போடும் ஆர்-22 வாயுவைத் தயாரிக்கும்போது எச்.எஃப்.சி.-23 என்றொரு கழிவு வாயு வெளிவரும். அதில் ஒரு டன், 11,700 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம் என்று கணக்கு வைத்திருந்தார்கள். ஒரு டன்னை எரித்தால் 11,700 கிரெடிட்! கிரெடிட் 10 யூரோ என்றால் 1,17,000 யூரோ. எரிக்கும் செலவோ கிரெடிட்டுக்கு ஒரு யூரோவுக்கும் குறைவு. இந்த வாயுவுக்கு மட்டும் கிரெடிட்டாகப் போகும் பணம் 470 கோடி யூரோ வரை என்றும், நேரடியாக எரிகலன் வாங்கிக் கொடுத்திருந்தால் 10 கோடி யூரோவுக்குள் முடிந்திருக்கும் என்றும் ஸ்டான்ஃபோர்டின் மைக்கேல் வாரா 2007ல் கணக்குக் காட்டினார். கழிவை எரிக்கும் வருமானத்துக்காகவே சரக்கைத் தயாரிக்கும் தூண்டுதல் உருவாகிவிட்டது. 2013 மே முதல் ஐரோப்பா இந்தக் கிரெடிட்டுகளை ஏற்பதை நிறுத்தியது.

நம்மூர்க் காற்றாலைகளும் இந்தச் சந்தைக்குப் போயிருக்கின்றன. தமிழ்நாடு நூற்பாலைகள் சங்கம் பல ஆலைகளின் காற்றாலைகளை ஒரே கட்டாகச் சேர்த்து ஐ.நா. அமைப்பிடம் பதிவு செய்தது. இத்தகைய திட்டங்களில் எழும் கேள்வி ஒன்றுதான்: கிரெடிட் பணம் வராவிட்டாலும் இவற்றை நட்டிருப்பார்களா? காற்றாலைக்கு முதல் ஆண்டிலேயே 80 சதவீதம் தேய்மானம் எழுதிக்கொள்ளும் வரிச்சலுகை அப்போது இருந்தது. மின்வெட்டில் தறிக்கும் கதிருக்கும் சொந்த மின்சாரம் என்பது தனி லாபம். காற்றாலை நல்லது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எப்படியும் வந்திருக்கக்கூடிய காற்றாலையைக் காட்டி ஐரோப்பிய ஆலை ஒன்று கூடுதலாகப் புகை விட்டால், உலகக் கணக்கில் புகை கூடியிருக்கிறது. நடக்காமல் போன ஒன்றை அளப்பதற்கு அளவுமானி கிடையாது. 2008ல் 20 யூரோவைத் தாண்டியிருந்த கிரெடிட், 2012 முடிவில் ஒரு யூரோவுக்குக் கீழே போனது.

பாரிஸ் ஒப்பந்தத்தின் ஆறாவது பிரிவு இந்த ஓட்டையைக் கணக்கு வழக்கால் அடைக்கப் பார்க்கிறது. எல்லா நாட்டுக்கும் ஏதோ ஒரு இலக்கு உண்டு. விற்ற நாடு, விற்ற டன்னைத் தன் கணக்கில் திரும்ப ஏற்றிக்கொள்ள வேண்டும். பாங்காக்கில் ஓடும் மின்பேருந்துகளால் மிச்சமான கார்பனைச் சுவிட்சர்லாந்து வாங்கியதுதான் இந்த முறையில் நடந்த முதல் கைமாற்றம். சுமார் 2,000 டன். பேருந்துகள் எப்படியும் வந்திருக்கும் என்று சுவிஸ் தொண்டு நிறுவனங்கள் உடனே எதிர்ப்புத் தெரிவித்தன. பழைய கேள்வி விடுவதாக இல்லை.

எல்லையில் ஒரு சுங்கச்சாவடி

ஐரோப்பாவில் புகை விட டன்னுக்கு 70, 80 யூரோ, வெளியே சும்மா என்றால் ஆலை எந்தப் பக்கம் போகும்? புகை இடம் மாறுவதைத் தடுக்க என்று சொல்லி, ஐரோப்பிய ஒன்றியம் எல்லையிலேயே கார்பன் கட்டணம் வைத்திருக்கிறது. இறக்குமதியாகும் இரும்பு, உருக்கு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றுக்கு 2023 அக்டோபர் முதல் கணக்கு மட்டும் காட்டச் சொன்னார்கள். 2026 ஜனவரி முதல் கட்டணப் பொறுப்பும் தொடங்கிவிட்டது. ஊதுலையில் செய்யும் ஒரு டன் உருக்குக்குத் தோராயமாக 2 டன் கார்பன் டை ஆக்சைடு. டன்னுக்கு 80 யூரோ என்றால் முழுக் கட்டணம் 160 யூரோ. ஐரோப்பா தன் ஆலைகளுக்குத் தரும் இலவசச் சீட்டுகளைப் படிப்படியாக நிறுத்தும் வேகத்திலேயே இதுவும் ஏறும்: 2026ல் 2.5 சதவீதம், 2034ல் முழுவதும்.

இந்தியா இதைக் கடுமையாக எதிர்க்கிறது. தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் நம் உமிழ்வு ஐரோப்பியருடையதில் பாதிகூட வராது. இருநூறு ஆண்டு கரி எரித்தவர்கள் இப்போது சுங்கம் கேட்கிறார்கள் என்பது டெல்லியின் வாதம். எனக்கு அதில் பெருமளவு உடன்பாடுதான். ஆனால் கட்டண விதியில் ஓர் உட்பிரிவு இருக்கிறது. சரக்கு உற்பத்தியான நாட்டிலேயே கார்பனுக்கு உண்மையில் விலை கட்டியிருந்தால், அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளலாம். இந்தியா 2023ல் அறிவித்த கார்பன் கிரெடிட் வணிகத் திட்டத்தில் மொத்த வரம்பு இல்லை. ஒரு டன் சரக்குக்கு எவ்வளவு உமிழ்வு என்ற விகிதத்துக்குத்தான் இலக்கு. இலக்கைத் தாண்டிய டன்களுக்கு மட்டும் ஆலை காசு கொடுத்து கிரெடிட் வாங்கும். அந்தக் காசு இலக்கைவிடக் குறைவாகப் புகைவிட்ட இன்னொரு இந்திய ஆலைக்குப் போகும். ஆனால் இப்படிக் கட்டுவது மொத்த உமிழ்வில் ஒரு சிறு துண்டுக்குத்தான் என்பதால், எல்லையில் கழித்துக்கொள்ளக் கிடைப்பதும் சிறு துண்டுதான். இலக்கை இறுக்கினால் உள்ளூர் உருக்கு விலை ஏறும், எல்லையில் கழித்துக்கொள்ளும் தொகையும் ஏறும். தளர்த்தினால் உள்ளூரில் மலிவு, மிச்சத்தை ஐரோப்பியக் கருவூலம் எடுத்துக்கொள்ளும்.